தங்குகிறவர், வாழ்கிறவர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த காலத்தில் பண்டார் ஹிலிரில் ஒரு கடைக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து காஜா பேராங்கில் அக்காள் வீட்டுக்குப் போனால், குடியுரிமைப் படிவங்களோடு ஆட்கள் காத்திருப்பார்கள். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சோறு ஆறிப்போகும். விரல் நுனியெல்லாம் மை.

அன்று மச்சானின், அதாவது அக்காள் கணவரின் படிவம். ரோடு போடும் வேலை. கப்பலேறி வந்து இருபது வருடமாகிறது. நடுவில் ஒரே தடவை, தாயார் படுக்கையில் விழுந்தபோது ஊருக்குப் போய், காரியம் முடித்து ஏழு மாதம் கழித்து வந்தார். அந்த ஏழு மாதம்தான் பயம். வந்து போகிறவன் என்று தள்ளிவிட்டால்?

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"ஒன் எதுத்தாப்லதான் மாப்ள."

அக்காள் சிரித்தாள். நான் எங்களூர் ஆங்கில வழக்கப்படி 'ஸ்டே' என்று எழுதிவிட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில வினைச்சொல் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்டே, சத்திரத்தில் தங்குகிறவனுக்காம். லிவ், வீடும் அடுப்பும் உள்ளவனுக்கு. ரிமெய்ன், மற்றவர்கள் போனபின் மிஞ்சுகிறவனுக்கு. ரிசைட், கோட்டு போட்ட சொல். தார் ஒட்டிய காலுக்கு எதைப் போடுவது? மூன்று படிவம் கிழித்தேன்.

"விருந்தாளின்னு நெனச்சிருவாங்க மச்சான்."

"விருந்தாளிக்கு ஒங்கக்கா இந்தக் கொழம்பையா ஊத்துவா?"

கடைசியில் 'லிவ்' என்று எழுதினேன். ஏழு மாதத்தையும் மறைக்கவில்லை.

விசாரணை நாளில் மலாய் அதிகாரி நான் எழுதிய வாக்கியங்களின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு, ஏழு மாதத்தில் விரலை வைத்தார். மலாயில் கேட்டார்: "தாயார் இறந்ததற்குப் போனாய். சரி. அப்புறம்?"

"பாலேக் ரூமா, துவான்," என்றார் மச்சான்.

வீட்டுக்குத் திரும்பினேன், ஐயா என்று அர்த்தம், அவ்வளவுதான். போனது ஊருக்கு, திரும்பியது இங்கேயுள்ள வீட்டுக்கு என்று அவர் வாய் தானாகவே பிரித்துவிட்டிருந்தது. அதிகாரி தலையாட்டி முத்திரை குத்தினார்.

வெளியே வெயில். மச்சான் செருப்பை மாட்டாமல் படியில் நின்றார்.

"நான் சொன்னத அம்மா கேட்டிருந்தா மனசு ஒடஞ்சிருப்பா, மாப்ள."

அவர் போட்ட ரோட்டிலேயே இருவரும் நடந்தோம்.