எக்ஸ்போர்ட் குவாலிட்டி சோளம்

என் வீட்டுக்காரர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் வெகுகாலம் வெளிநாட்டு ஆர்டர்களையும் சேம்பிள்களையும் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அந்த வேலையை உதறிவிட்டு, குண்டடம் பக்கத்து வெள்ளைச்சோளத்தை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று கிளம்பினார். ஆரம்பத்தில் ஒரே நாட்டுக்கு, ஒரே ஆளுக்குத்தான் அனுப்பினோம். "ஒருத்தரையே நம்பிக்கிட்டு இருக்கறீங்களே" என்று நான் சொல்லாத நாளில்லை. போன அறுவடையில் அந்த ஆள், வேறு தேசத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று கையை விரித்துவிட்டார். குடோன் நிறையச் சோளம். விற்காவிட்டால் வண்டு விழும். மனுஷர் மறுபடி பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.

எங்கெங்கோ விசாரித்து இன்னொரு நாட்டில் ஒருவரைப் பிடித்தார். அவர் சேம்பிள் கேட்டார். அவ்வளவுதான், இவருக்குள் இருந்த பனியன்காரர் முழித்துக்கொண்டார். பனியனில் சேம்பிள் பீஸ் என்றால் கைதேர்ந்த டெய்லரை வைத்துத் தனியாகத் தைப்பார்கள். இவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தாம்பாளத்தில் சோளத்தைக் கொட்டி, கல், சொத்தை, உடைசல் எல்லாம் நீக்கி முத்து முத்தாகப் பொறுக்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங்க, சோளத்தைப் பொண்ணு பாக்க வராங்களா?"

"சும்மா இரு புள்ள. சேம்பிள் அப்ரூவ் ஆவோணுமல்லோ."

ஆனது. ஆனால், கன்டெய்னர் முழுக்க இதேபோல இருக்க வேண்டும் என்று மெயில் வந்தது. பனியன் என்றால் சேம்பிளைப் பார்த்து எத்தனை வேண்டுமானாலும் தைக்கலாம். மண்ணில் விளைந்ததை என்ன செய்வது? குடோன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"இருக்கறதை இருக்கறபடி அனுப்புங்க. வேண்டாம்னா போறாங்க" என்றேன்.

பல மூட்டைகளிலிருந்து கலந்தெடுத்து, தூசியும் உடைசலுமாக இன்னொரு சேம்பிள் அனுப்பினார். பதில் வரும்வரை இருவருக்கும் சோறு இறங்கவில்லை. 'மூட்டையில் இருக்கிறபடியான சேம்பிளைத்தான் முதலிலேயே கேட்டேன். விலையைக் கொஞ்சம் குறையுங்கள், எடுத்துக்கொள்கிறேன்' என்று வந்தது.

விலை படிந்து கன்டெய்னர் கிளம்பிய அன்று, முதல் சேம்பிளுக்கு முத்து முத்தாகப் பொறுக்கியதில் மிச்சமிருந்த சோளத்தை இடித்துச் சோறாக்கினேன். ஊரில் எல்லோரையும் போல, எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன துணியைத்தான் நாங்கள் ஆயுசுக்கும் போட்டிருக்கிறோம். அப்படியொரு பனியனோடு உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்புள்ள, எக்ஸ்போர்ட் குவாலிட்டி இன்னைக்குத்தான் நம்மூட்டுக்குள்ள வந்திருக்குது."