பதினொரு படிவங்களில் ஒரே எண்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்று யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கும் முகாம், பூதலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. பல வருடங்களாக நடவுக் காலத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரப்போரமாக வந்து, இடுப்பு வலி என்றவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டுப் போவார். ஒரே ஊசி எத்தனை பேருக்கு என்று யாரும் கேட்டதில்லை.

நான் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படிவம் எழுதும் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள்.

நடவுப் பெண்கள் பதினொரு பேர் ஒன்றாக வந்தார்கள். முதலில் நின்றவர், அவர்களை வேலைக்குக் கூட்டிப்போகும் அக்கா. ஐம்பது வயதிருக்கும். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு முனகினாள்.

“வண்டிக்காரன் குத்துனா முண்டியடிச்சுகிட்டு நிப்பே. இங்க மட்டும் என்னடி அழுவாச்சி?” என்றார் அக்கா.

“அவன் வலி போவக் குத்துறான்க்கா. இவங்க ரத்தத்தையில்ல எடுக்குறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்தவளிடம் போன் நம்பர் கேட்டேன்.

“அக்கா நம்பரையே போட்டுக்கங்க சார். எங்கள வேலைக்குக் கூப்புடுறதே அதுலதான்.”

பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். வீட்டில் போன் இல்லாமல் இல்லை. அது கணவன் சட்டைப்பையில் இருக்கும். பதினொரு படிவங்களிலும் ஒரே பத்து இலக்கங்களை எழுதினேன். எதையும் இரண்டு முறை சரிபார்த்துப் பழகியவன். அந்த எண்ணையும் திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் எழுதினேன். எண் சரியாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். நடவின் நடுவே அழைப்பு வந்திருக்கிறது. கையெல்லாம் சேறு என்பதால் வழக்கம்போல் வரப்பில் இருந்த போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறார். பேசிய பெண், “முகாம்ல ரத்தம் குடுத்தீங்கல்ல? உங்களுக்கு ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ். அடுத்த டெஸ்ட்டுக்குத் தஞ்சாவூர் வரணும்” என்று சொல்லி, படிவ எண்ணையும் சொல்லி வைத்துவிட்டார். வயலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

“எனக்குத்தான்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க சார். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா நாப்பத்திரண்டுன்னாங்க. என் சீட்டுல முப்பத்தியேழுல்ல இருக்கு?”

முகாமில் கொடுத்த சீட்டை நீட்டினார். பிறகு விரல்விட்டு எண்ணினார். “எங்க ஆளுங்க எங்க போனாலும் நடவு வரிசைலதான் நிப்பாங்க. எனக்கு அடுத்து அஞ்சாவது...” விரல் நின்றது. “போன தையில வாக்கப்பட்டு வந்த பொண்ணு சார்.”

“தப்பு என்னோடது. நான் வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்” என்றேன்.

“என்னன்னு சொல்லுவீங்க? அக்காவுக்கு இல்லன்னா அப்ப யாருக்குன்னு கேப்பாங்கல்ல? அவ மாமியா அன்னிக்கே பொறந்த வீட்டுக்கு ஏத்தி விட்டுருவா.”

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இங்கே திருத்தம் போட்டால் அவள் பெயரைப் போட்டதாகிவிடும். சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவும் அந்தச் சின்னப் பெண்ணும் தஞ்சாவூர் போனார்கள். பார்த்தவர்களுக்கு நோயாளி அக்கா, துணை சின்னவள். சின்னவள் ரத்தத்தில் கிருமி இருப்பது உறுதியானது. மூன்று மாத மாத்திரையில் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரைகள் அக்கா வீட்டில் இருந்தன. சின்னவள் தினமும் காலையில் அங்கே போய் விழுங்கிவிட்டு வந்தாள்.

நான் வயலுக்குப் போய், இது ரத்தம் வழியாகத்தான் பரவும், தொட்டால் ஒட்டாது என்று சொல்லிப் பார்த்தேன். “தெரியும் சார், முகாம்லயே சொன்னாங்க” என்றாள் ஒருத்தி. சொல்லிக்கொண்டே பையிலிருந்து தனக்கென்று கொண்டுவந்திருந்த டம்ளரை எடுத்தாள். அடுத்த வாரம் அவர்கள் ஒவ்வொருவராக வேறொருத்தியோடு நடவுக்குப் போக ஆரம்பித்தார்கள். சின்னவளும் போனாள்.

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. அக்கா என்னை அடக்கினார். “நான்தான் போகச் சொன்னேன். அவ மட்டும் என்கூட நின்னா, நீயும் போயி டெஸ்ட் எடுடின்னு மாமியா நிப்பா.”

மாத்திரை முடிந்து, கோடையில் எடுத்த பரிசோதனையில் சின்னவள் ரத்தத்தில் கிருமி இல்லை. இனியாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“அவ முழுகாம இருக்கா. நீங்க சும்மா இருங்க சார்.”

குறுவை நடவுக்கு அக்காவை யாரும் கூப்பிடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனார்.