நான் ஏறுத வள்ளம் எந்த கேமிலயும் இல்ல

எனக்கு ஒரு வீடியோ கேம் வேணும். முப்பது வயசு தாண்டின பொம்பிளைக்கு இது என்ன ஆசைன்னு கேக்கியவங்க கேட்டுக்கிடுங்க, எனக்குக் கவலை இல்ல. அந்த கேமை இதுவரைக்கும் ஒருத்தனும் உண்டாக்கல்ல. அதை நினைச்சாலே எனக்குக் கோவத்துல கலி வருது.

கேம் இதுதான். விடியதுக்கு முன்ன எங்க ஊரு இனயம் கரையில நிக்கணும். நாலு பேரா வள்ளத்தைத் தள்ளி இறக்கணும். ஒரு அலை உடைஞ்சு அடுத்தது எழும்புததுக்குள்ள இஞ்சினைத் தட்டி அந்தப் பக்கம் போயிரணும். பிறகு கோயில் கோபுரமும் அதுக்குப் பின்னால உள்ள மலையும் ஒரே வரியில வாறது வரைக்கும் ஓடணும். இன்னொரு பக்கத்துலயும் அப்பிடி ரெண்டு அடையாளம் சேந்து வந்தா, அடியில பாறை உண்டு, பாறையில மீன் உண்டு. இதுக்குக் கணிச்சம்னு பேரு. அங்க தூண்டிலைப் போட்டுட்டு சும்மா இருக்கணும். துப்பாக்கி வேண்டாம், பாயிண்ட் வேண்டாம், பின்னால பாட்டு போட்டு உயிரை எடுக்கவும் வேண்டாம். மீன் பட்டா பட்டுது, இல்லன்னா திரும்பி வரணும். அவ்வளவுதான்.

இதுக்கு கேம் என்னத்துக்கு, வள்ளத்துலயே போலாமேன்னு சொல்லுவீங்க. போலாம், ஆம்பிளையா பிறந்திருந்தா. எங்க கரையில பெண்ணு வள்ளத்துல ஏறப்பிடாது. ஏறினா அந்த வள்ளத்துக்கு மீன் படாதாம். மீன் விக்கலாம், கருவாடு காயப் போடலாம், கடலுக்குப் போனவன் வரல்லன்னா கரையில நின்னு நெஞ்சுல அடிச்சு அழலாம். அதுக்கெல்லாம் ஒரு தடையும் இல்ல. எங்க அப்பா கடல்காரர். வீட்டுல சோறு திங்கும்போ கடல் பேச்சுத்தான். எந்தப் பாறையில என்ன மீன் கெடக்கும், மேக்க இருந்து கச்சான் காத்து அடிச்சா நீரு எந்தப் பக்கம் இழுக்கும், எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும். இப்போ குளச்சல்ல ஒரு ஐஸ் கம்பெனி ஆபீஸ்ல வேலை பாக்கேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா வள்ளம்தான். ஒண்ணுலயாவது என் கால் பட்டிருக்கான்னா இல்ல.

தம்பிக்குப் படிக்கதுக்குன்னு வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கினாங்க. அவன் அதுல சுடுத கேம் விளையாடுவான். அவன் எழும்பினதும் நான் இருப்பேன். எந்த கேமா இருந்தாலும் முதல்ல கடலைத் தேடித்தான் போவேன். போனா என்ன? கொஞ்ச தூரம் நீந்தினதும் கண்ணுக்குத் தெரியாத சுவரு ஒண்ணு முட்டும். அதுக்கு மேல போக முடியாது. சவம், கடலைப் படமா வரைஞ்சு வச்சிட்டுப் போயிருக்கானுவ. மீன் பிடிக்குத கேமும் உண்டு. தொப்பி வச்ச ஒருத்தன் குளத்தங்கரையில சிரிச்சிட்டே தூண்டில் போடுவான், மீனும் சிரிச்சிட்டே வரும். பாத்தா உள்ளங்கால்ல இருந்து எரியும். நம்ம ஊரு பஸ்ஸை ஃபோன்ல ஓட்டதுக்குக் கூட கேம் இருக்கு. பயலுவ நாகர்கோவில் போர்டு வச்சு, ஹாரன் சத்தம் முதற்கொண்டு சேத்து ஓட்டுகானுவ. பஸ்ஸுக்கு உள்ள யோகம் வள்ளத்துக்கு இல்ல.

தம்பியை அப்பா சில தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தாரு. அவனுக்கு ஒத்துக்கிடல்ல. படிச்சான், பெங்களூருல கேம் உண்டாக்குத கம்பெனியில வேலைக்குப் போனான். ஒரு நாள் ஃபோன் பண்ணினான். கம்பெனியில எல்லாரையும் புதுசா ஒரு கேம் யோசிச்சுக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்களாம். நான் சொல்லிட்டே இருப்பேனே, அந்தக் கடல் கேமைச் செய்யட்டான்னு கேட்டான். செய்லேன்னு சந்தோசத்துல கத்திட்டேன். அதுக்குப் பிறகு தினமும் ஃபோன்தான். அவன் வீடியோ அனுப்புவான், நான் ஏசுவேன். அலை இப்பிடியா உடையும், வள்ளம் இப்பிடியா ஆடும், நீ கடலைப் பாத்திருக்கியா இல்லியாலேன்னு கேப்பேன். உள்ளதை உள்ளபடி வை, ஒண்ணும் மாறப்பிடாதுன்னு அத்தனை தடவை சொன்னேன்.

கிறிஸ்மஸுக்கு லேப்டாப்போட வந்தான். முதல்ல அப்பாதான் அதுக்கு முன்னால இருந்தாரு. கோபுரத்தைப் பாத்தாரு, மலையைப் பாத்தாரு, இன்னும் கொஞ்சம் தெக்க விடணும்னு தனக்குத்தானே பேசிட்டே போயி பாறையைக் கண்டுபிடிச்சிட்டாரு. தம்பியை ஒரு நாளும் மெச்சாத மனுசன் அவனுக்க முதுகுல தட்டினாரு. வள்ளத்துக்க முகப்புல பேரு எழுதியிருந்தான். எனக்க பேரு. அப்பாவுக்க வள்ளத்துக்கு நான் பிறந்த நாள்ல இருந்து அந்தப் பேருதான்.

பிறகு நான் இருந்தேன். கேமுல பெண்ணு உண்டான்னு கேட்டேன், உண்டுன்னான். கையில மீன்கூடையோட கரையில ஒருத்தி நின்னா. அவளை நடத்தி வள்ளத்துக்குப் பக்கத்துல கொண்டுபோனேன். ஏறதுக்கு உள்ள பட்டனை அமுக்கினேன். அவ நடந்தா. நின்ன இடத்துலயே நடந்தா. வள்ளம் கை எட்டுத தூரத்துல கெடக்கு, இவ மண்ணை மிதிச்சுச் சவட்டிட்டே நிக்கா. எங்கயோ தப்பு இருக்கு, சரி பண்ணுன்னு சொன்னேன். தப்பு ஒண்ணும் இல்லன்னான்.

"நீதானே அக்கா உள்ளதை உள்ளபடி வைக்கச் சொன்ன?"

எனக்கு வந்த ஆங்காரத்துல அந்த லேப்டாப்பைத் தூக்கி முற்றத்துல எறிஞ்சிருப்பேன். கேமுல ஆம்பிளைக்கு இவனுக்க முகத்தைத்தான் வச்சிருந்தான். அந்த முகத்தோட ஒருத்தன் வள்ளத்துக்க முன்னால கையைக் கட்டிட்டு ராஜா மாதிரி நிக்கான்.

"ஏலே, உள்ளபடின்னா முதல் அலை தாண்டினதும் இவன் வாந்தி எடுத்து மல்லாந்து கெடக்கணும். அதை ஏன் வைக்கல்ல?"

தம்பிக்க உண்மையை அவன் இஷ்டத்துக்கு மாத்திக்கிடலாம், என்னை மட்டும் உள்ளபடியே கரையில நிறுத்திப் போட்டான். கம்ப்யூட்டர்ல உள்ள வள்ளத்துல பெண்ணு ஏறினா எந்தக் கடல்ல எந்த மீன் படாம போவும்னு அப்பாட்ட கேட்டேன். அப்பா ரொம்பத் தணிஞ்ச குரல்ல, என்னைப் பாக்காம, தம்பியிட்ட சொன்னாரு.

"அவளை ஏத்துனா ஏத்திக்கோ மக்கா. வள்ளத்துக்க பேரை மட்டும் மாத்திரு."

அவரு விளையாட்டுக்குச் சொல்லல்ல. அந்தப் பேருல உள்ள வள்ளத்துல, படத்துல கூட ஒரு பெண்ணு ஏறினா, நாளைக்குத் தனக்க வள்ளம் வெறுங்கையோட திரும்பிருமோன்னு பயம். எனக்க பேரு இத்தனை வருசமா கடலுக்குப் போயி மீனோட வந்திருக்கு. அதைச் சுமக்குத நான்தான் ஆகாதவ. அழுகை முட்டிட்டு வந்தது, ஆனா அவங்க முன்னால அழ எனக்கு மனசு இல்ல. பேரை அழிச்சிரு, வேற ஒண்ணும் எழுத வேண்டாம்னு தம்பியிட்ட சொன்னேன். அவன் அங்கயே இருந்து அழிச்சான். அதுக்கு ஒரு நிமிசம்தான் ஆச்சு. பெண்ணை ஏத்ததுக்கு நிறைய மாத்தணும், பெங்களூரு போயி செய்து அனுப்புகேன்னு சொன்னான்.

கம்பெனிக்கு இந்த கேம் பிடிக்கல்லயாம். கடல்கொள்ளைக்காரனைச் சுடுத கேம் ஒண்ணைத் தேர்ந்தெடுத்திருக்காங்க, இவனும் இப்போ அதுலதான் வேலை பாக்கான். நான் கேக்கும்போதெல்லாம் சோலி தீரட்டும் அக்கான்னு சொல்லுகான். அவனுக்க லேப்டாப்ல அந்த வள்ளம் பேரு இல்லாம கரையில கெடக்கு. அதுல ஏற எனக்கு இப்பவும் வழி இல்ல.