ரபீக் நானாவின் ஷாஃப்டில் அரம் வழுக்கிய நாள்

ரபீக் நானா மௌத்தாகிவிட்டார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்... இன்னும் நம்ப முடியவில்லை.

முருங்கனில் ஒரே வேர்க்‌ஷாப்பில் வேலை செய்தோம். அவர் லேத், நான் உலை. அழவேண்டிய நேரத்தில் எனக்கு அந்த ஷாஃப்ட் ஞாபகம் வந்து சிரிப்பும் வருகிறது. மன்னியுங்கள்.

அப்போது ஒருநாள் பெரியமடுவில் இருந்து ஒரு அண்ணை வந்தார். நெல் வெட்டும் மெசினில் ஷாஃப்ட் தேய்ந்து நின்றுவிட்டது. வயல் முற்றி நிற்கிறது, வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது.

நானா பழைய லொறி இரும்பில் அளவாகக் கடைந்து தந்தார். நான் திறந்த நெருப்பில் காற்றை ஊதி ஊதி நன்றாகச் சிவக்கவிட்டு, இறுகுவதற்காக எண்ணெயில் தோய்த்தேன். இறுகியிருந்தால் அரம் வழுக்க வேண்டும். உரசினால்... சவர்க்காரம் மாதிரிச் சீவுப்பட்டது.

முதலாளி பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ இனி பில் எழுது. உலையை வேற ஆள் பாக்கட்டும்" என்றார். அந்த உலைக்காக வீட்டில் சண்டை பிடித்து வந்தவள் நான். கண் கலங்கிவிட்டது.

நானா விடவில்லை. அதே இடத்தில் இன்னும் உரசினார். கொஞ்சம் ஆழம் போனதும் அரம் சறுக்கியது.

"தங்கச்சி, உள்ளுக்குக் கல்லு மாதிரி இருக்கு. தோல்தான் பழுது."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் ஊதிய காற்று மேல்தோலின் கார்பனை எரித்துவிட்டது! கார்பன் இல்லாத தோல் எத்தனை தரம் தோய்த்தாலும் இறுகாது.

"நானா, இன்னொண்டு கடைஞ்சு தாங்கோ. காத்துப் படாமச் சுடுறன்."

"அதுவும் பிழைச்சா?"

"பில் எழுதுறன்."

"அப்ப நானும் உன்னோட வந்து எழுதுறன். எனக்குக் கணக்கு வராது, அது முதலாளிட பாடு."

இரும்புப் பெட்டியில் தேங்காய்ச் சிரட்டைக்கரித் தூளை நிரப்பி, அவர் கடைந்து தந்த புது ஷாஃப்டை நடுவில் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, பெட்டியோடு உலையில் வைத்துச் சிவக்கச் சுட்டோம். கரி சுற்றி இருந்தால் தோல் கார்பனை இழக்காது, கொஞ்சம் கூட எடுக்கும். அளவுக்கு மிஞ்சி எடுத்தால் நொறுங்கும், அது வேறு பயம்.

நான் மடு மாதாவை மன்றாட, அவர் பிஸ்மில்லா சொல்லிப் பெட்டியைத் திறந்தார். எண்ணெயில் தோய்த்து அரத்தை வைத்தால்... கிரீச். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கீறல் இல்லை.

நானா ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பஸ்ஸுக்கு நின்ற சனத்திடமெல்லாம், "எங்கட தங்கச்சி சுட்டது, உரசிப் பாருங்கோ" என்று அரத்தையும் நீட்டினார். ஒரு ஐயா பஸ்ஸை விட்டுவிட்டு உரசிப் பார்த்தார்.

பிறகு நொறுங்காமலிருக்க இளஞ்சூடு காட்டி அந்த அண்ணையிடம் கொடுத்தோம். மழைக்கு முன் வயல் முழுக்க வெட்டி முடிந்தது. முதலாளி பில் புத்தகத்தைத் தன் மேசைக்கே எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்கு முன் முகம் பார்க்க வருகிறேன் நானா. உலைக்கு இன்று லீவு. யாரிடமும் கேட்கவில்லை, இப்போது இங்கே நான்தான் முதலாளி.

நிம்மதியாப் போங்கோ...