இருமிய வேன்

இலங்கை மலைநாட்டில் பழைய வண்டிக் கதவுக்கு ஸ்பீக்கர் மாற்றுகிறவனுக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் வண்டிக்காரர், மற்றவர் மழை.

பழைய வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தவில் வரும் இடத்தில் கதவு நடுங்கும். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு, குறைத்தால் ஒன்றுமே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் நான் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தேன். இந்தத் துன்பம் பிடித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

இருமல்

செல்வம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பழைய டொல்பின் வேன் ஒன்றை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு ஓட்டினார். கதவுத் தட்டியைக் கழற்றி ஸ்பீக்கரைத் தொட்டேன். காகிதக் கூம்பு நனைந்த அப்பளம் மாதிரி விரலோடு வந்தது. புதுச் சோடி ஒன்று போட்டுக் கொடுத்தேன். அருமையாகப் பாடியது.

அடுத்த மாதமே வேன் திரும்பி வந்தது. அதே கரகரப்பு. சாமான் மட்டமா, என் கை மட்டமா என்று அன்று முழுக்க எனக்குள் விசாரணை. நான் அப்படித்தான், வேலை முடிந்து ஒரு திருகாணி மிஞ்சினாலே நான் பிறந்ததையே சந்தேகிப்பேன். செல்வத்துக்கோ வேறு கவலை. தை மாதம் ராகலைக்குக் கல்யாண ஹயர். பாட்டில்லாத வேன் என்றால் வேறு வேன் பேசிக்கொள்வதாக மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டாராம்.

“பாடலன்னாகூடப் பரவால்லண்ணே. மாப்பிள்ள வீட்டு வேன் இருமிக்கிட்டே போய் நின்னா பொண்ணு வீட்டுல என்னா நெனப்பாங்க?”

கதவுக்குள் குளம்

என் மேலேயே எனக்குக் கோபம். கதவை ஓங்கிச் சாத்தினேன். உள்ளே ‘தளக்’ என்றது. மறுபடி திறந்து சாத்தினேன். மறுபடியும் ‘தளக்’.

கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியே போகத்தான் கதவின் அடியில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். செல்வத்தின் வேனில் ஓட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் தார் வைத்து அடைத்திருந்தார். பனிமூட்டம் கீழே இருந்து உள்ளே ஏறுகிறது என்று எங்கள் பக்கத்து வேன்காரர்கள் பலர் இப்படிச் செய்வார்கள். ஆணியால் குத்தினேன். கறுப்புத் தண்ணீர் பீறிட்டு என் செருப்பை நனைத்தது. அந்த அழுக்குத் தண்ணீரில் நின்றுகொண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். குற்றவாளி நான் இல்லை!

செல்வம் அசரவில்லை.

“பனி உள்ளுக்கு வரக்கூடாதுன்னு அடைச்சேன். மழைக்கும் அதே வழிதான்னு எனக்கு யாருண்ணே சொன்னா?”

படங்கு

ஓட்டை திறந்தால் மட்டும் போதாது. மேலேயிருந்து இறங்கும் தண்ணீர் ஸ்பீக்கரின் முதுகில் படாமல் ஒரு கூரை வேண்டும். சாதாரணப் பொலித்தீன் கதவுக்குள் கிழிந்துபோனது. மறுநாள் செல்வம் ஒரு படங்கோடு வந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த தார்ப்பாய்த் துண்டு அது. எந்த மழைக்கும் அசையாது. வெட்டி, வளைத்து, இன்னொரு புதுச் சோடி ஸ்பீக்கரின் தலைக்குமேல் ஒட்டினேன். கதவு நடுங்காமலிருக்கப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் வளையம் அறுத்து வைத்தேன்.

படங்கு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் செல்வத்தின் மனைவி மாரியாயி கடை வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

“நல்லா இருக்குங்க நியாயம். என் படங்கக் கட்டிக்கிட்டு வேன் கல்யாணத்துக்குப் போவுது, நான் நனைஞ்சிக்கிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன்!”

ராகலை

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்தே மழை. என்னையும் வேனில் ஏறச் சொன்னார் செல்வம். பாட்டு நின்றால் நான்தான் பாட வேண்டுமாம். நுவரெலியா தாண்டியதும் மழை சாய்ந்து சாய்ந்து கதவிலேயே அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். நான் இருமலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ‘இப்போது, இப்போது’ என்று காதைக் கதவோடு ஒட்டினேன். இருமவில்லை. கதவின் அடியில் தண்ணீர் ஒழுங்காகச் சொட்டியது, உள்ளே நாதஸ்வரம் கணீரென்று எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா இருக்கையிலேயே தோளை ஆட்டத் தொடங்கினார். செல்வத்திடம் புதுப் படங்கோடு புதுச் சேலையும் வாங்கிக்கொண்டு முன் இருக்கையில் வந்த மாரியாயி, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மாலையில் பெண்ணை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது செல்வம் சத்தத்தை முழுக்கக் கூட்டினார். பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“கொஞ்சம் கொறைங்க தம்பி! எம்புள்ள அழுவுறது யாருக்குமே கேக்கல!”

சத்தம் வரவில்லை என்ற புகாரிலேயே காலம் தள்ளிய எனக்கு, சத்தத்தைக் குறைக்கச் சொன்ன அந்த ஒரு புகார்தான் இன்றுவரை கிடைத்த பாராட்டு.