ஆறு ராணிகளும் ஒரு கூடைப் புளியும்

புதுப்புளியின் வாசம் எங்கிருந்தாவது வந்தால் எனக்கு நாக்கில் நீர் ஊறுவதில்லை. காதில் இங்கிலீஷ் கேட்கிறது. மரக்கட்டைகள் கொட்டை தட்டும் ஓசை, நடுநடுவே பெண்களின் சிரிப்பு, அவற்றின் மேல் அர்த்தமே இல்லாமல் புகைபோல மிதந்துபோகும் இங்கிலீஷ்.

தருமபுரியில் நான் படித்த பள்ளியில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் தமிழில். நான்காம் பாரத்தில் சரித்திரம், கணக்கு, பூகோளம் எல்லாம் ஒரே நாளில் இங்கிலீஷாகிவிட்டன. பழகிய தெருவில் வீடுகளையெல்லாம் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றி வைத்துவிட்டதுபோல் இருந்தது. வகுப்பில் தமிழ் பேசினால் பெஞ்சு மேல் ஏற வேண்டும். அதனால் நான் பேசவே இல்லை. அரைப் பரீட்சையில் எல்லாவற்றிலும் விழுந்தேன். அப்பா திட்டவில்லை. முழுப் பரீட்சையிலும் விழுந்தால் சேலத்துக்குப் புளி ஏற்றும் வண்டியில் உட்காரட்டும் என்று மட்டும் சொன்னார். அந்த வழியில் உள்ள தொப்பூர் இறக்கத்தில் மாட்டுமணி ஆடும் சத்தம் என் கனவுகளில் வரத் தொடங்கியது.

மாசியில் புளி வந்தது. எங்கள் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்தார்கள், கொட்டை எடுத்தார்கள். அக்காவும் அவர்களோடு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள், வைகாசியில் கல்யாணம். நான் சுவரோரம் சரித்திரத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னா கண்ணு, அய்யரு மந்திரம் சொல்றாப்ல இருக்குது," என்றாள் வட்டத்தில் உட்கார்ந்திருந்த சின்னம்மா. "யாரு கதை?"

"ராஜா கதை."

"சொல்லுடா, கை தூங்குது," என்றாள் அக்கா.

அந்தப் பக்கத்தில் எனக்குப் பிடிபட்டவை ராஜா, ராணி இரண்டுதான். மீதியை நானே கட்டினேன். ராணி ஆற்றில் விழுந்து செத்தாள். மறுநாள் நான் சொன்ன கதையில் அதே ராணி மாடியில் நின்று அழுதாள்.

அக்கா கட்டையை நிறுத்தினாள். "நேத்து செத்தவ இன்னிக்கு எப்புடிடா எந்திரிச்சா?"

வாசலே சிரித்தது. "இவனுக்கே தெரியலீங்க சின்னம்மா. நாளைக்கு வாத்தியாரைக் கேட்டுட்டு வரட்டும்," என்றாள் அக்கா.

மறுநாள் வகுப்பில் எழுந்து கேட்டேன். தமிழில்தான். "சார், அந்த ராணி செத்துட்டாங்களா, இல்லீங்களா?" வாத்தியார் பெஞ்சைக் காட்டினார். ஏறினேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகு, ஜன்னலுக்கு வெளியே வேறு யாருக்கோ சொல்வதுபோல், தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். ராணி ஒருத்தி இல்லை, ஆண் வாரிசு வேண்டுமென்று ராஜா அடுத்தடுத்துக் கட்டிய ஆறு பேர். இரண்டு பேரைத் தள்ளிவைத்தான் ராஜா. இரண்டு பேருக்குத் தலை போயிற்று. ஒருத்தி பிள்ளை பெற்றுச் செத்தாள். கடைசியானவள் தப்பித்தாள்.

அதை நான் வாசலில் சொன்ன அன்று ஒரு கூடைப் புளி தட்டாமலே கிடந்தது. தலை போனவர்களுக்காகச் சின்னம்மா மூக்கைச் சிந்தினாள். "ஆம்பளப் புள்ளை வேணும்னுதான? கொறை அவன் மேல இருந்திருந்தா?" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பதில் எந்த வரியில் இருக்கிறதென்று நான் புத்தகத்தில் தேடினேன். தேடத் தேட வரிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

அப்புறம் தினமும் பெஞ்சு. தினமும் மணி அடித்த பின் ஜன்னலோரத் தமிழ். வாசலில் பூகோளம் கேட்டார்கள், கணக்குகூடக் கேட்டார்கள். ரயில் கணக்கில், அந்த ரயிலில் யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று சொல்லாவிட்டால் அக்கா விடமாட்டாள். சொல்லிச் சொல்லி எனக்கே புரிந்தது. பங்குனியில் புளி தீர்ந்துவிட்டது. அப்போதும் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கையில் வேலை எதுவும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

தேறினேன். தம்பியைக் கரையேற்றிவிட்டாள் என்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வைகாசியில் பாலக்கோட்டுப் பக்கம் போகும் வண்டியில் அவளை ஏற்றினோம். அழுகை சற்று ஓய்ந்தபோது என் சட்டையைப் பிடித்து அருகே இழுத்தாள். கேலி செய்கிறாள் என்று எண்ணி நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

"அஞ்சாம் பாரத்துல என்னடா பாடம்?"

"இனிமேத்தான்க்கா தெரியும்."

"தெரிஞ்சா வந்து சொல்லு. அங்க எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."