பறக்கிறவனின் நடை

நான் வரைந்த படக்கதையை அனிமேஷன் படமாக எடுக்கிறார்கள் என்றதும், என் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கம்பெனியின் மாடியில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான், என் கதையே எனக்குச் சரியாகத் தெரியாது என்று தெரிந்தது.

புத்தகத்தில் ஒரு படக் கட்டத்தில், சென்னையின் பாடி மேம்பாலத்துக்குக் கீழே என் சூப்பர்ஹீரோ நிற்பான். அடுத்த கட்டத்தில், மேலே கவிழப் போகும் லாரியைத் தாங்கிப் பிடித்திருப்பான். நடுவில் என்ன செய்தான் என்று படித்தவர்கள் யாரும் கேட்டதில்லை. அனிமேஷன் செய்யும் பெண் கேட்டாள். எந்தக் கால் முதலில் எழும்பும், அப்போது கை எங்கே இருக்கும்? அதை நான் யோசித்ததே இல்லை.

பிறகு அவனை நடக்கவிட்டுக் காட்டினாள். நெஞ்சை நிமிர்த்திக் கையை வீசி நடந்தான். இது அவன் இல்லை என்றேன்.

"எது தப்புக்கா?"

சொல்லத் தெரியவில்லை. மாற்றி மாற்றிப் போட்டாள். திரையில் வந்தவர்கள் எல்லாம் யாரோ. இயக்குநர் பொறுமையாகத்தான் சொன்னார்: "மேடம், வெள்ளிக்கிழமை நடையை முடிவு பண்ணிடுவோம். அப்புறம் படம் முழுக்க அதுதான்." எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்மேல் இல்லை, என் மரமண்டைமேல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி வீடு திரும்பினேன்.

அயனம்பாக்கத்தில் எங்கள் வாசலில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான். சின்ன வயதில் போலியோ வந்த இடது கால். உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி ஊன்றித்தான் நடப்பான். என் ஹீரோவின் முகம் அவனுடையது, அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நடையும் அவனுடையதுதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நிற்கிறான், பறக்கிறான், தாங்குகிறான். எங்கேயும் நடக்கவில்லை. ஏன் அப்படி வரைந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

மறுநாள் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, மொட்டை மாடியில் நடக்கச் சொன்னேன். போனில் எடுத்து அனுப்பினால் அந்தப் பெண் பார்த்து வரைந்துகொள்வாள். ஆனால் படம் எடுக்கிறோம் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் இருந்தபடி வருவார்களா? தலையை வாரி, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தான். விழுந்துவிடப் போகிறானே என்று போனைப் பிடித்தபடியே பக்கத்தில் போனேன்.

"கரீக்டா கீதா?"

"எப்பவும் போல நடண்ணா."

"எப்பவும் போலதான் நடந்தேன்" என்று சாதித்தான். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுக்கப் போனான், கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு. போன் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீடியோ வெட்டாமல் அப்படியே ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அந்தப் பெண் கூப்பிட்டாள். என் கையெல்லாம் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, இதுல ரெண்டு நடை இருக்கே. எது வேணும்?"

முதல் நடைதான் அவன் ஆசைப்பட்டு நடந்தது. இரண்டாவதைக் கேட்டால் அவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? முதலாவதைக் கேட்டால் அது அவனே இல்லையே.

"ரெண்டாவதப் போட்டுக்கம்மா" என்று பின்னாலிருந்து அண்ணன் சொன்னான். "மொதல்ல நடந்தது என் தங்கச்சிக்கோசரம்."

நான் திரும்பினேன். "எனக்காகவா?"

"பின்ன? அம்மாம் பெரிய புக்குல ஒரு பக்கத்துல கூட என்னை நடக்க உடலயே நீ. என் நடை உனக்குப் புடிக்கலன்னுதான் இத்தினி நாளா நெனச்சிகினு கீறேன்."